வஞ்சினமும் பிளவுண்ட தன்னிலையும்: கொரியப் போர்ப் புதினங்களும் ஈழப் போர்ப் புதினங்களும்

தமிழில் ‘பழி’ என்னும் சொல் ஒருங்கே இரு பொருள் தந்து நிற்பது. ஒருவன் செய்த குற்றத்தால் அவனுக்கு வரும் இழிசொல் ஒரு பொருள். அக்குற்றத்திற்கு எதிராகப் பிறன் செய்யும் கைம்மாறு மற்றொரு பொருள். பழி சுமத்துதல், பழிக்கு அஞ்சுதல் என்பன முதற்பொருளில் வழங்குவன. பழி தீர்த்தல், பழி வாங்குதல் என்பன இரண்டாம் பொருளின. ‘பழிக்குப் பழி’ என்னும் தொடரில் இவ்விரு பொருளும் எதிரெதிரே நிற்கின்றன. வாங்குகிறவன் கையில் வந்து சேர்வதும் பழியே என்பதை மொழி மறைக்கவில்லை.

போரைப் பொருளாகக் கொண்ட புதினங்களைப் படிக்குமிடத்து இச்சொல்லாராய்ச்சி பயன்படுகிறது. வேற்றரசன் படையெடுத்து வந்த போரில் பழி வாங்குவோன் யார், பழி வாங்கப்படுவோன் யார் என்பதில் ஐயம் எழுவதில்லை. ஒரே குடிக்குள், ஒரே ஊருக்குள், சில வேளைகளில் ஒரே வீட்டுக்குள் நிகழும் போரில் அவ்வாறு அன்று. அண்ணனைக் கொன்றவன் தம்பியின் தோழனாக இருப்பான். காட்டிக்கொடுத்தவனும் காட்டிக்கொடுக்கப்பட்டவனும் ஒருவனே என்னும் நிலையும் உண்டு. பழி வாங்கும் கதைக்கு முழுமையான ஒரு ‘நான்’ தேவை. அந்த ‘நான்’ பிளவுண்ட இடத்தில் அக்கதை நடைபெறாமல் வேறொன்றாக மாறிவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து. கொரியப் போரைப் பற்றிய புதினங்கள் சிலவற்றையும் ஈழப் போரைப் பற்றிய தமிழ்ப் புதினங்கள் சிலவற்றையும் அருகருகே வைத்து இக்கருத்து இங்கு ஆராயப்படுகிறது.

வஞ்சினம் வேண்டும் முழுமை

பழி வாங்குவேன் எனச் சூளுரைத்தலைச் சங்க இலக்கிய மரபு ‘வஞ்சினக் காஞ்சி’ என்னும் துறையாக வகுத்தது. புறநானூற்றில் 71, 72, 73 ஆகிய மூன்று பாடல்களும் இத்துறையின. மூன்றையும் பாடியோர் மன்னர்களே. ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியன், தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன், சோழன் நலங்கிள்ளி ஆகிய மூவரும் பகைவரை வெல்லாவிடில் தமக்கு இன்ன கேடு வரட்டும் எனத் தம்மைத் தாமே சபித்துக்கொள்கின்றனர். பகைவனுக்கு என்ன செய்வோம் என்பதைக் காட்டிலும், தவறினால் தாம் எதனை இழப்போம் என்பதையே இப்பாடல்கள் விரித்துரைக்கின்றன. பூதப்பாண்டியன் தன் மனைவியை, தன் அவையின் நீதியை, பெயர் சொல்லி எண்ணிய தன் நண்பர்களை, பாண்டியர் குடிப்பிறப்பை ஒவ்வொன்றாகப் பணயம் வைக்கிறான். நெடுஞ்செழியன் தன் குடிமக்களின் நன்மதிப்பையும், மாங்குடி மருதன் முதலான புலவர் தன் நாட்டைப் பாடும் பேற்றையும், இரப்போர்க்கு ஈயும் செல்வத்தையும் பணயமாக்குகிறான்.

ஈண்டு நுணுகி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. பணயமாக வைக்கப்படுவன எல்லாம் ஒருவனுடைய தன்னிலையை ஆக்கும் கூறுகள்: மனைவி, குடி, நட்பு, நாடு, பாடும் புலவர். அவை அனைத்தும் ஐயமின்றித் தன்னுடையன என்னும் உறுதி இருந்தாலன்றி அவற்றைப் பணயம் வைக்க இயலாது. ஆகவே வஞ்சினம் என்பது சினத்தின் மொழி மட்டுமன்று. பிளவுபடாத ஒருவனது மொழியும் ஆகும்.

குடியே பிளவுபட்டால் என்னாகும் என்பதற்கும் புறநானூறே சான்று தருகிறது. வஞ்சினம் கூறிய அதே நலங்கிள்ளி உறையூரை முற்றுகையிட்டபோது உள்ளே அடைத்திருந்தவன் நெடுங்கிள்ளி, அவனும் சோழனே. கோவூர்கிழார் 45ஆம் பாடலில் இருவர்க்கும் நடுவே நின்று பேசுகிறார். எதிர்நிற்பவன் அணிந்திருப்பது சேரனுக்குரிய பனம்பூவன்று, பாண்டியனுக்குரிய வேப்பம்பூவும் அன்று. இருவர் கண்ணியும் ஆத்தியே என்கிறார். எவர் தோற்பினும் தோற்பது ஒரே குடி. இருவரும் வெல்லுதல் இயற்கையில் இல்லை. இச்செயல் கண்டு மகிழ்வோர் பிற வேந்தரே என்பது அவர் வாதம். அடையாளப் பூவைக் காட்டியே பகையைக் கலைக்க முயலும் இப்பாடல், பிளவுண்ட குடியில் வஞ்சினம் பொருளற்றுப் போவதை உணர்த்துவது. 213ஆம் பாடலில் தன் மக்கள்மேல் படையெடுத்த கோப்பெருஞ்சோழனிடம், வென்றபின் நாட்டை யாருக்கு விட்டுச் செல்வாய் எனப் புல்லாற்றூர் எயிற்றியனார் கேட்பதும் இவ்வகையதே. பின்வரும் புதினங்கள் பலவற்றையும் கோவூர்கிழாரின் கேள்விக்கு எழுதப்பட்ட உரைகளாகவே நான் படிக்கிறேன்.

பகை தெளிவாக உள்ள இடத்தில் வஞ்சினம் இக்காலத்தும் சிதைவதில்லை. தெலங்கானா உழவர் எழுச்சியைப் பற்றிக் கிருஷன் சந்தர் எழுதிய ‘ஜப் கேத் ஜாகே’ என்னும் உருதுப் புதினத்தில், தூக்கிலிடப்படுவதற்கு முந்தைய இரவில் ராகவ ராவ் என்னும் உழவன் தன் வாழ்வை எண்ணிப் பார்க்கிறான். பகைவன் யார் என்பதில் அவனுக்கு மயக்கமில்லை. ஆயினும் புதினத்திற்கு வெளியே இருந்த வரலாறு அத்துணைத் தெளிவானதன்று. 1948 செப்டம்பரில் இந்தியப் படை ஐதராபாத்து அரசுக்குள் நுழைந்தபின், ரசாக்கர்கள் செய்த கொடுமைகளுக்குப் பழியாக, அவற்றோடு தொடர்பற்ற எளிய முஸ்லிம் மக்கள் பலர் கொல்லப்பட்டனர். இதனைச் சுந்தர்லால் குழு நடுவண் அரசுக்கு எடுத்துரைத்தது. அவ்வறிக்கை பல்லாண்டுகள் மக்கள் பார்வைக்கு வரவில்லை. எழுச்சியை நடத்திய பொதுவுடைமைக் கட்சியினரும், போரைத் தொடர்வதா, ஆயுதத்தைக் கீழே வைப்பதா என்பதில் பிளவுபட்டனர். 1951இல்தான் அது கைவிடப்பட்டது. இக்கட்டுரை எழுதப்படும் ஹப்சிகுடாவின் பெயர், ஐதராபாத்துப் படைகளில் பணிபுரிந்த ஆப்பிரிக்கரான ஹப்சிகளால் வந்தது என்பர். பிறர் பகைக்காகப் படை சேர்ந்தோரின் தன்னிலை தனி ஆய்வுக்குரியது. இங்கு அதனை விரிக்கவில்லை. உடன்பிறந்தோர் போர் ஒரு நாட்டின் இலக்கியத்தையே நெடுங்காலம் ஆட்கொண்டதற்குக் கொரியா சிறந்த எடுத்துக்காட்டு.

மன்றமும் அறையும்

கொரியா 1910 முதல் 1945 வரை ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. விடுதலை கிடைத்த அன்றே 38ஆம் அகலக்கோட்டில் நாடு இரண்டாக வகுக்கப்பட்டது. 1948இல் இரு அரசுகள் தோன்றின. 1950 ஜூன் 25இல் தொடங்கிய போர் 1953 ஜூலை 27இல் போர்நிறுத்தத்தோடு நின்றது. அமைதி உடன்படிக்கை இன்றுவரை கையெழுத்தாகவில்லை. சியோல் நகரம் ஓராண்டிற்குள் நான்கு முறை கைமாறியது. ஒவ்வொரு கைமாற்றத்தின் பின்னும், முன்னவர்க்கு உதவியோர் எனப் பெயர் பெற்றோர் பழிவாங்கப்பட்டனர். ஒரே தெருவில் வாழ்ந்தோரே சான்று சொல்வோராகவும் தண்டிக்கப்படுவோராகவும் மாறி மாறி நின்றனர்.

இப்போரைப் பற்றிய புதினங்களுள் முதலில் வைத்து எண்ணத்தக்கது சோய் இன்-ஹுன் எழுதிய ‘குவாங்ஜாங்’. ‘சதுக்கம்’ எனப் பெயர்க்கலாம். ‘மன்றம்’ என்பது இன்னும் பொருந்தும். ஆசிரியர் வடக்கில் பிறந்து, போர்க்காலத்தில் தெற்கிற்கு வந்தவர். 1960 ஏப்ரலில் மாணவர் எழுச்சியால் தென்கொரிய ஆட்சி வீழ்ந்த சில மாதங்களில் இப்புதினம் வெளிவந்தது. அதற்கு முன்னர் இரு அரசுகளையும் ஒருசேரக் குறைகூறும் எழுத்துக்கு இடமிருந்ததில்லை. ஆசிரியர் தம் வாழ்நாளில் இதனைப் பலமுறை திருத்தி வெளியிட்டார் என்பதும் கருதத்தக்கது. முடிந்த கதையாக அவர் இதனைக் கொள்ளவில்லை போலும்.

கதைத்தலைவன் யி மியோங்-ஜுன் சியோலில் மெய்யியல் பயிலும் மாணவன். தந்தை வடக்கிற்குச் சென்றுவிட்டவர். அங்கிருந்து வானொலியில் பேசுகிறார். தந்தையின் குற்றம் மகன்மேல் ஏற்றப்படுகிறது. காவல் நிலையத்தில் அவன் அடித்து உதைக்கப்படுகிறான். தெற்கில் ஒவ்வொருவரும் தத்தம் அறைக்குள் ஒடுங்கியிருக்கின்றனர், கூடிப் பேச மன்றம் இல்லை என எண்ணி அவன் வடக்கிற்குச் செல்கிறான். அங்கோ மன்றம் மட்டுமே உள்ளது. தனியொருவன் தனக்கென இருக்க ஓர் அறை இல்லை. தமிழ் வாசகருக்கு இவ்விரு படிமமும் அகம், புறம் என்னும் பாகுபாட்டை நினைவூட்டுவன. அகமின்றிப் புறமில்லை, புறமின்றி அகமில்லை என நம் பொருளிலக்கணம் இரண்டையும் இணைத்து வைத்தது. சோய் காட்டும் கொரியாவில் நாடே அகம் ஒன்று புறம் ஒன்றாக அறுபட்டுக் கிடக்கிறது.

பழியைப் பற்றிய பகுதி இதன்பின் வருகிறது. போர் தொடங்கியதும் மியோங்-ஜுன் வடக்குப் படையோடு சியோலுக்கு அதிகாரியாகத் திரும்புகிறான். அவன்முன் கைதியாகக் கொண்டுவரப்படுபவன் தே-சிக். முன்பு மியோங்-ஜுன் தங்கியிருந்த வீட்டின் மகன், நண்பன். மியோங்-ஜுனின் பழைய காதலி யுன்-ஏ இப்போது அவனுக்கு மனைவி. பழி வாங்குவதற்கு இதைவிடப் பொருத்தமான களம் வேறில்லை. மியோங்-ஜுன் தே-சிக்கை அடிக்கிறான். தான் பட்ட அடியைத் தன் கையாலேயே மீண்டும் நிகழ்த்துகிறான். யுன்-ஏயையும் வலிந்து கொள்ள முயல்கிறான். ஆனால் கொடியவனாக ஆகிவிட வேண்டும் என்னும் அவன் முடிவு நிறைவேறுவதில்லை, இருவரையும் விடுவித்துவிடுகிறான். இதனை இரக்கம் என்று மட்டும் கொள்வது பொருந்தாது. தன்னை அடித்த காவலனாகத் தானே மாறிநிற்கும்போது, யாருக்காகப் பழி வாங்குகிறோம் என்பதே அவனுக்கு விளங்காமல் போகிறது. அடிபட்டவனும் அடிப்பவனும் ஒரே உடலில் இருக்கையில் வஞ்சினத்தைச் சொல்லும் வாய் எது?

பின்னர் அவன் சிறைப்படுகிறான். போர்நிறுத்தத்திற்குப்பின் தெற்கா வடக்கா எனக் கேட்கப்படும்போதெல்லாம் அவன் கூறும் விடை ‘நடுநிலை நாடு’ என்பதே. இந்தியாவை நோக்கிச் செல்லும் கப்பலில் ஏற்றப்படுகிறான்; கப்பலின் பெயர் தாகூர். வழியிலேயே அவன் கடலுக்குள் மறைந்துவிடுகிறான்.

கப்பலுக்குத் தாகூர் என்னும் பெயர் புனைவே. ஆனால் பயணம் வரலாற்றில் நிகழ்ந்தது; அதில் நமக்கும் பங்குண்டு. ஊர் திரும்ப மறுத்த போர்க்கைதிகளின் விருப்பத்தைக் கேட்டறிய அமைக்கப்பட்ட நடுநிலை நாடுகளின் ஆணையத்திற்கு இந்தியத் தளபதி கே. எஸ். திம்மையா தலைமை தாங்கினார். கைதிகளை இந்தியப் படையே காத்து நின்றது. அதற்கு முன்னரே, போர் நடந்துகொண்டிருந்தபோது, ஏ. ஜி. ரங்கராஜ் என்னும் தமிழரான படை மருத்துவர் தலைமையில் இந்திய மருத்துவப் பிரிவொன்று அங்குப் பணிபுரிந்தது. இரு கொரியாவையும் மறுத்த கொரியர் 76 பேரும், சீனர் 12 பேரும் இந்தியப் படையினரோடு கடல்வழியே புறப்பட்டு 1954 பிப்ரவரியில் சென்னைத் துறைமுகத்தில் இறங்கினர். அவர்களுட் பலர் பின்னர்ப் பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் சென்றனர். சிலர் இந்தியாவிலேயே தங்கினர். புதினம் தன் தலைவனை அக்கரை சேர விடவில்லை. நடுநிலை என்பது ஒரு நாடாக இருக்கலாம், ஒரு தன்னிலையாக இருக்க இயலாது என ஆசிரியர் கருதினார் எனத் தோன்றுகிறது.

பாம்பாக வந்த மகன்

மியோங்-ஜுன் கற்றவன், தன் பிளவைத் தானே அறிந்து சொல்லத் தெரிந்தவன். நாட்டுப்புறத்தில் அப்பிளவு எவ்வாறு உணரப்பட்டது என்பதை யுன் ஹுங்-கில் 1973இல் எழுதிய ‘ஜாங்மா’ என்னும் குறும்புதினம் காட்டுகிறது. அடைமழைக் காலம் என்பது தலைப்பின் பொருள். 1942இல் பிறந்த ஆசிரியர் போர் மூண்டபோது சிறுவர்; கதை சொல்பவனும் டோங்-மான் என்னும் சிறுவனே.

அவன் வீட்டில் இரு பாட்டிமார். தாயைப் பெற்றவர் போரால் இடம்பெயர்ந்து சம்பந்தி வீட்டில் தங்கியிருக்கிறார். அவர் மகன், சிறுவனின் தாய்மாமன், தெற்குப் படையில் அதிகாரி. அவன் இறந்த செய்தி மழைநாளில் வருகிறது. தந்தையைப் பெற்றவரின் இளைய மகன், சிறுவனின் சிற்றப்பன், மலையில் மறைந்திருக்கும் பொதுவுடைமைப் போராளி. மகனை இழந்த தாய், மலையில் உள்ளோர் எல்லாரும் இடிவிழுந்து மடியட்டும் எனச் சபிக்கிறார். ஒரே கூரையின்கீழ் இருக்கும் மற்றத் தாய்க்கு அது தன் மகன்மேல் விழும் சாபம். வஞ்சினம் இங்கு மன்னன் வாயிலிருந்து மூதாட்டி வாய்க்கு இறங்கிவிட்டது. ஆனால் அது தாக்குவது எதிரியையன்று, சம்பந்தியை.

சிறுவனும் குற்றத்திற்குப் புறம்பானவன் அல்லன். இனிப்பைக் காட்டி ஏமாற்றிய காவலனிடம், சிற்றப்பன் இரவில் வந்துபோனதைச் சொல்லிவிடுகிறான். தந்தை இழுத்துச் செல்லப்பட்டு நொண்டியபடி திரும்புகிறார். காட்டிக்கொடுத்தவன் என்னும் பெயர் அறியாப் பிள்ளைமேலும் ஏறுகிறது.

குறிசொல்வோன் ஒருவன், சிற்றப்பன் இன்ன நாளில் இன்ன வேளையில் வீடு திரும்புவான் என நாள் குறித்துக் கொடுக்கிறான். பாட்டி விருந்து சமைத்துக் காத்திருக்கிறார். அந்த நாளில் வந்ததோ சிறுவர்கள் கல்லெறிந்து துரத்திவந்த பெரிய பாம்பு ஒன்று. கண்டதும் பாட்டி மயங்கி விழுகிறார். அப்போது முன்வருபவர் சபித்த தாயே. அவர் பாம்பை மருமகன் முறையினனாக மதித்து மெல்லப் பேசுகிறார்; வீட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டா என்கிறார்; பெற்றவளின் தலைமயிரை எரித்து அந்நாற்றம் காட்டி வழியனுப்பி வைக்கிறார். தன் மகனைக் கொன்ற தரப்பின் மகனுக்கு இறுதிச் சடங்கு செய்தவர் அவரே.

இதனை மன்னிப்பு எனக் கூறுவோர் உளர். எனக்கு அச்சொல் போதியதாகப்படவில்லை. அவர் எவரையும் மன்னிப்பதாகச் சொல்லவில்லை. சடங்கு என்னும் கடமையைச் செய்கிறார், அவ்வளவே. பழி தீர்ப்பதற்குரிய ஆற்றல் முழுதும் வழியனுப்புவதற்குரிய ஆற்றலாக மாறுகிறது.

சடங்கையே நூலின் கட்டமைப்பாக ஆக்கியது ஹ்வாங் சோக்-யோங் 2001இல் வெளியிட்ட ‘சொன்னிம்’. ‘விருந்தாளி’ என்பது சொற்பொருள். கொரிய நாட்டு வழக்கில் பெரியம்மை நோயையும் அச்சொல் குறிக்கும். அஞ்சத்தக்க நோயை மதிப்புப் பெயரால் அழைத்தல் நமக்குப் புதிதன்று. ‘அம்மை’ என்னும் நம் சொல்லும் அவ்வாறு எழுந்ததே. ஹ்வாங் தம் நாட்டிற்குள் வெளியிலிருந்து வந்த இரு கொள்கைகளை, கிறித்துவத்தையும் மார்க்சியத்தையும், அத்தகைய இரு விருந்தாளிகளாகக் காண்கிறார். 1950ஆம் ஆண்டின் இறுதியில் வடக்கிலுள்ள சின்சோன் பகுதியில் பெரும் படுகொலை நிகழ்ந்தது. அமெரிக்கப் படையினர் 35,000க்கு மேற்பட்டோரைக் கொன்றனர் என்பது வடகொரிய அரசின் கூற்று. ஹ்வாங்கின் புதினமோ, ஒரே ஊரின் கிறித்துவரும் பொதுவுடைமையினரும் ஒருவரையொருவர் கொன்றனர் என்கிறது. அமெரிக்காவில் குடியேறிய யோசோப் என்னும் சமயப் போதகர், கொலையில் பங்குகொண்டு இறந்துபோன தம் அண்ணன் யோஹானின் எலும்பொன்றை எடுத்துக்கொண்டு ஊர் திரும்புகிறார். வழியெங்கும் இறந்தோர் தோன்றிப் பேசுகின்றனர். கொன்றவன், கொல்லப்பட்டவன் இருவரும் தத்தம் முறை வரும்போது பேசுகின்றனர். இறந்த ஆவியை அக்கரை சேர்க்கும் கொரியப் பூசாரிச் சடங்கின் பன்னிரு பகுதிகளே இந்நூலின் பன்னிரு பகுதிகள்.

ஜோ ஜுங்-ரேயின் ‘தேபேக் மலைத்தொடர்’ பத்துத் தொகுதிகளில் 1989இல் நிறைவுற்றது. ஓர் அண்ணன் போராளியாகவும் தம்பி எதிரணிக் குண்டனாகவும் நிற்கும் அப்பெரும் புதினத்தைத் தனியே ஆராய்தல் வேண்டும்.

துரோகி என்னும் சொல்

ஈழத்திற்கு வருமுன் ஓர் எல்லை வகுத்துக்கொள்ளல் வேண்டும். கொரியாவில் எதிரியும் ஒரே மொழியினன். இலங்கையில் 1983 முதல் 2009 மே மாதம் வரை நீடித்த போரில் அரசுப் படையும் தமிழ் இயக்கங்களும் வெவ்வேறு மொழியின. ஆகவே கொரியப் புதினங்களுக்கு நிகராக வைக்கத்தக்கது தமிழர் சிங்களவர் பகையன்று. தமிழர்க்குள்ளேயே இயக்கங்களிடையே எழுந்த பகையும், தமிழ் பேசும் தமிழர் முஸ்லிம்களிடையே எழுந்த பகையும் ஆகும். ஆத்திக் கண்ணியை இருபுறமும் அணிந்தோர் இங்குதான் உளர்.

இப்பகையின் திறவுகோல் ‘துரோகி’ என்னும் சொல். எதிரி வெளியே நிற்பவன். துரோகி உள்ளே இருப்பவன். உள்ளே இருப்பவனை எதிரியாக்குதற்கு அவனை முதலில் அச்சொல்லால் வெளியேற்றல் வேண்டும். யாழ்ப்பாண நகர முதல்வர் அல்பிரட் துரையப்பா 1975 ஜூலை 27இல் சுட்டுக்கொல்லப்பட்டதும் அச்சொல்லின் பெயராலேயே. 1986இல் விடுதலைப் புலிகள் டெலோ, ஈ.பி.ஆர்.எல்.எஃப். ஆகிய இயக்கங்களை அழித்தபோது அச்சொல் ஒரு தலைமுறை இளைஞர் பலர்மேல் ஒருங்கே விழுந்தது. தென்கொரியாவில் ‘சிவப்பன்’ என்னும் பொருள்பட வழங்கிய ‘பல்கேங்கி’ என்னும் வசைச்சொல்லும் இத்தகையது. உறவினர் ஒருவர் வடக்கே சென்றிருந்தால் குடும்பம் முழுதையும் அது தொடர்ந்தது.

இயக்கத்தின் உட்கொலைகளை முதலில் புதினமாக்கியவர் கோவிந்தன். புளொட் இயக்கத்திலிருந்து வெளியேறியோருள் ஒருவரான அவர் எழுதிய ‘புதியதோர் உலகம்’ 1985இல் வந்தது. விடுதலைக்கெனச் சேர்ந்த முகாமே வதைமுகாமாக மாறுவதை அது காட்டியது. போர் தொடங்கி இரண்டே ஆண்டுகளில், போராளி ஒருவர் தம் இயக்கத்தைப் பற்றி எழுதிய இந்நூலின் துணிவு இன்றும் வியக்கத்தக்கது. கலைநயம் குறைவு என்போர் உளர். அது உண்மையே ஆயினும் பின்வந்தோர்க்கு வழி திறந்தது இந்நூலே.

ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ 2001இல் வெளிவந்தது. ஆசிரியர் இளமையில் விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இருந்தவர். பின்னர்ப் பிரான்சில் குடியேறியவர். இப்புதினம் புகலிடம் கோரி அந்நாட்டு அரசுக்கு எழுதப்படும் விண்ணப்பமாகத் தொடங்குகிறது. பத்திகளுக்கு எண்ணிட்ட வாக்குமூலம் அது. தன்னிலையைச் சான்றுகளால் நிறுவுமாறு சட்டம் கேட்கிறது. யாரால் துன்புற்றாய் என்னும் கேள்விக்கு, அரசுப் படையால், இந்தியப் படையால், இயக்கத்தால் என விடைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. எல்லாரிடமிருந்தும் தப்பியவன் எவர்மேல் பழி வாங்குவான்?

தலைப்பும் நுட்பமானது. கரந்தடிப் போராளியையும் காட்டுக் குரங்கினத்தையும் தமிழ் எழுத்து ‘கொரில்லா’ என ஒன்றாகவே எழுதிவிடுகிறது. ராக்கிராஜ் என்னும் இளைஞனின் தந்தை ஊரில் அஞ்சப்படும் சண்டியர். கொரில்லா என்பது அவர் பட்டப்பெயர். தந்தையின் வன்முறையிலிருந்தும் பெயரிலிருந்தும் விடுபட மகன் இயக்கத்திற்குச் செல்கிறான். அங்கும் அப்பெயர் அவனைத் தொடர்கிறது. இறுதியில் இயக்கமே அவனைக் குற்றவாளியாக்கித் தண்டிக்கிறது. மியோங்-ஜுன்மேல் தந்தையின் கொள்கை ஏற்றப்பட்டதுபோல் ராக்கிராஜ்மேல் தந்தையின் பட்டப்பெயர் ஏற்றப்படுகிறது. பூதப்பாண்டியன் பெருமிதத்தோடு பணயம் வைத்த குடிப்பெயர், இங்கு உதற முயன்றும் உதறமுடியாத சுமை.

அவரது அடுத்த புதினம் ‘ம்’ 2004இல் வந்தது. 1983 ஜூலை 25, 27 ஆகிய நாள்களில் வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்ட நிகழ்ச்சி இதன் நடுவே உள்ளது. தலைவன் நேசகுமாரன் வதை தாங்காமல் தோழர்களைக் காட்டிக்கொடுத்தவன். அவனே வதைபட்டவன், அவனே படுகொலையினின்று தப்பியவன். புலம்பெயர்ந்த நாட்டில் வன்முறை அவன் வீட்டுக்குள்ளேயே திரும்பி, தன் மகளுக்கே கொடுமை இழைத்தவனாக அவனை ஆக்குகிறது. வாசகர் அவன்மேல் இரக்கம் கொள்ளவும் இயலாது, முற்றும் வெறுக்கவும் இயலாது. இந்நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு ‘துரோகி’ என்னும் பொருள்படும் தலைப்போடு வெளிவந்தது. மூலத் தலைப்பே சிறந்தது என்பது என் கருத்து. ‘ம்’ என்பது கதை கேட்போர் இசைவாக எழுப்பும் ஒலி. கொடுமையைக் கேட்டும் ‘ம்’ கொட்டியிருந்த ஊரையும் அது குறிக்கும்.

பெயர் பலவாதல் பின்வந்த புதினங்களிலும் தொடர்கிறது. சயந்தனின் ‘ஆறாவடு’ (2012) இத்தாலியை நோக்கிச் செல்லும் அகதிப் படகில், பல பெயர்களில் வாழ்ந்த ஒருவனை வைத்துக் கதை சொல்கிறது. தாகூர் கப்பலை அறிந்தோர்க்கு அப்படகு அயலானதன்று. குணா கவியழகனின் ‘விடமேறிய கனவு’ (2015) போர் முடிந்தபின் தடுப்பு முகாமில் அடைபட்ட போராளியைப் பற்றியது. தான் யார் என்பதை ஒளித்தலே அங்கு உயிர்வாழும் வழி. விமல் குழந்தைவேலின் ‘கசகறணம்’ அக்கரைப்பற்றுச் சந்தையில் ஒன்றாகக் கடைவிரித்த தமிழரும் முஸ்லிம்களும் எவ்வாறு பகைவராயினர் என்பதை மட்டக்களப்பு வட்டார மொழியிலேயே கூறுகிறது. சந்தை என்பதும் ஒரு மன்றமே. அது எரிந்தபின் எல்லார்க்கும் எஞ்சுவது அறை மட்டுமே.

தமிழ்க்கவியின் ‘ஊழிக்காலம்’ (2013) இவற்றுள் ‘ஜாங்மா’வுக்கு நெருங்கியது. பார்வதி என்னும் பாட்டி பேரப்பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வன்னியின் கடைசி நாள்களைக் கடக்கிறாள். பழி வாங்கும் எண்ணத்திற்கே அங்கு இடமில்லை. அடுத்த வேளைக் கஞ்சி, பதுங்குகுழிக்கு ஒரு பலகை, குடிக்கத் தண்ணீர் என்பனவே அவள் நாளை நிறைக்கின்றன. இரு நூலிலும் போரின் சுமை மூதாட்டியர் தோளில் இறங்குகிறது.

நாளும் பெயரும்

இவ்விரு இலக்கியமும் ஒத்து நிற்கும் இடங்கள் இவை. வேறுபடும் இடம் சடங்கு. யுன் ஹுங்-கில்லும் ஹ்வாங் சோக்-யோங்கும் தம் மண்ணின் சடங்கை எடுத்துப் பிளவைப் பொருத்த முயன்றனர். ஈழப் புதினங்கள், நான் படித்த அளவில், ஆவணத்தை நாடுகின்றன. விண்ணப்பம், வாக்குமூலம், அடிக்குறிப்பு, விசாரணைக் குறிப்பு என்பனவே அவற்றின் வடிவங்கள். இறந்தோர் எழுந்து பேசுவதைக் காட்டிலும் உயிரோடிருப்போர் சான்று சொல்வதே மிகுதி.

இதற்கு ஆசிரியர்களின் சமய நோக்கைக் காரணமாகக் கூறுதல் போதாது. கொரியப் போர் நின்று இருபது ஆண்டு கழிந்தபின் ‘ஜாங்மா’வும், ஏறத்தாழ ஐம்பது ஆண்டு கழிந்தபின் ‘சொன்னிம்’மும் எழுதப்பட்டன. ஈழப் புதினங்கள் பல போர் நடக்கும்போதே எழுதப்பட்டன. பின்னர் வந்தனவும் சில ஆண்டுக்குள் வந்தவை. காலம் ஒரு காரணம். மற்றொன்று இடம். நடுகல் மரபை நினைவூட்டிய மாவீரர் துயிலும் இல்லங்கள் போருக்குப்பின் படையினரால் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. கல்லும் இல்லை, பல குடும்பங்களுக்கு உடலும் இல்லை.

தமிழ்ச் சைவக் குடும்பங்களின் வழக்கம் ஈண்டு கருதத்தக்கது. இறந்தோர்க்குத் திதி கொடுக்க இறந்த நாள் தெரிந்திருத்தல் வேண்டும். உயிரோடிருப்போர் பெயரில் அருச்சனை செய்யப் பெயரும் நட்சத்திரமும் போதும். காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார்க்குத் திதிக்குரிய நாள் இல்லை. திதி கொடுத்தால் மகன் இறந்தான் எனத் தாமே ஒப்புக்கொண்டதாகும் என்னும் அச்சமும் உண்டு. ஆதலால் பல்லாண்டு கழிந்தும் மகன் பெயருக்கும் நட்சத்திரத்திற்கும் அருச்சனையே செய்கின்றனர். ‘ஜாங்மா’வில் குறிசொல்வோன் ஒரு நாளைக் குறித்துக் கொடுத்தான், அந்த நாளில் பாம்பாவது வந்தது. கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் 2017 பிப்ரவரி 20இல் தொடர் போராட்டத்தைத் தொடங்கியது கந்தசுவாமி கோயிலின் முன்றிலில்தான். அவர்கள் கையில் இருந்தன மகன், மகள், கணவன் ஆகியோரின் ஒளிப்படங்களும் பெயர்களும்.